ஹாலில் ஒரு பன்றிப் படம்

ஆப்பிரிக்காவுக்கு நான்கு தடவை போய்விட்டு ஒரு சிங்கத்தைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்த ஆள் மைசூரில் யாராவது உண்டென்றால் அது சொர்ணலதாதான். மற்றவர்கள் அங்கே போவது சிங்கம் பார்க்க. அவள் போனது உப்புமா கிண்ட.

மைசூர் விஜயநகரில் பிரசாந்த் என்பவர் ஒரு சுற்றுலாக் கம்பெனி வைத்திருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களைக் கூட்டம் சேர்த்துக் கென்யாவுக்கு அழைத்துப் போவது அவர் தொழில். முதல் தடவை போனவர்கள் பிரெட்டும் ஜாமும் தின்று நாக்குச் செத்துப்போய், கண்ணெதிரே யானைக் கூட்டம் நிற்கும்போது ரசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். சமையலுக்கு ஆள் இல்லாமல் இனிமேல் விமானம் ஏறுவதில்லை என்று பிரசாந்த் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அதே தெருவில் நாலைந்து வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்தவள் சொர்ணலதா. தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர் பக்கத்துப் பெண். மைசூர்க்காரர்களுக்குச் சாம்பார் வைத்தால் வெல்லம் போட்டு வைப்பாள், தன் வீட்டுக்கு வைத்தால் போடமாட்டாள். இரண்டிலும் யாரும் குறை சொன்னதில்லை. பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னபோது விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பெட்டியில் பெருங்காயம், புளி, மிளகாய்ப்பொடி எல்லாம் அடுக்கி விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் நம்பினாள்.

அங்கே அவளுடைய நாள் அடுப்படியிலேயே போனது. வெயில் ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் காபி கொடுத்து ஜீப்பில் ஏற்றி அனுப்ப வேண்டும். அவர்கள் திரும்பும்போது சூடாக டிபன் இருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு, குட்டித் தூக்கம் போட்டு, மறுபடி அவர்களுக்கு ஜீப், மறுபடி இவளுக்கு அடுப்பு. "சிறுத்தை மரத்து மேலயே படுத்திருந்தது லதா, நீ பார்த்திருக்கணும்" என்று யாராவது மூச்சு வாங்கச் சொன்னால், "அப்படிங்களா, இன்னொரு தோசை போடட்டுங்களா?" என்று கேட்பாள்.

முகாமின் முன்பக்கத்தில் ஆறும் மரங்களும் சாய்வு நாற்காலிகளும் இருந்தன. சமையல் கூடாரம் பின்பக்கம். தண்ணீர்த் தொட்டி, விறகு, காயப்போட்ட துணிகள், அதற்கப்புறம் ஒரு புல்வெளி. அந்தப் புல்வெளிக்குத்தான் அவை வந்தன.

வார்ட்ஹாக் என்பார்கள். முகமெல்லாம் மரு மருவாகப் புடைத்திருக்கும் ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி. வாயின் இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் கோரைப்பல், முதுகில் கலைந்து தொங்கும் மயிர், மெலிந்த வால். ஜீப்பில் போகிறவர்கள் இதைக் கண்டால் வண்டியை நிறுத்தக்கூடச் சொல்வதில்லை. சொர்ணலதாவும் முதல் நாள் "ச்சீ, பன்னி" என்று கரண்டியை ஓங்கினாள். அது வாலை ஆண்டெனா மாதிரி நட்டமாகத் தூக்கிக்கொண்டு ஓட, பின்னாலேயே குட்டிகளும் ஆளுக்கொரு வாலைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஓடின. அடுப்பில் வெங்காயம் கருகும்வரை அவள் சிரித்தாள்.

மறுநாள் விரட்டவில்லை. அடுப்பைச் சின்னதாக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாய்ப்பன்றி முன்னங்கால்கள் இரண்டையும் மடக்கி முட்டி போட்டுக்கொண்டது. அப்படியே முட்டியால் நகர்ந்து நகர்ந்து புல்லை மேய்ந்தது. குட்டிகளும் முட்டி போட்டன. இவ்வளவு மரியாதையாகச் சாப்பிடுகிற பிராணியை அவள் அதுவரை பார்த்ததில்லை. போனை எடுத்துப் படம் பிடித்தாள். நின்றபடி எடுத்தால் முதுகுதான் வந்தது. எனவே அவளும் புடவையை வழித்துச் செருகிக்கொண்டு முட்டி போட்டாள்.

பிடித்த பிடி அதோடு விடவில்லை. அடுத்த பயணத்துக்கு முன் அசோகா ரோட்டில் கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவரே காட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் அவளுக்குப் புல்வெளிதான். பெரிய பன்றிகள் வளைக்குள் போகும்போது பின்பக்கமாகவே நுழைவதையும், முகம் வாசலைப் பார்த்தபடி இருப்பதையும் எடுத்தாள். மூன்றாம் தடவை போனபோது ஒரு முகம் மிகக் கிட்டத்தில் கிடைத்தது. மருக்கள், மண் ஒட்டிய மூக்கு, நீளமான கண்ணிமை மயிர். வீட்டுக்கு வந்ததும் அந்த இமையை மட்டும் பெரிதாக்கி மகளிடம் காட்டி, "இப்படி ஒரு இமை மைசூர்ல யாருக்காவது இருக்குதா, சொல்லு" என்றாள்.

மகள் சௌம்யா மைசூரிலேயே ஹெப்பாளில் ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்க்கிறாள். வீட்டு அலங்காரச் சாமான்களில் படம் பதிக்கும் இடம். குஷன் உறை, சுவர்க் கடிகாரம், திரைச்சீலை, கேன்வாஸ். படத்தைத் தாளில் அடித்து, துணிமேல் வைத்து, சூடான மெஷினில் அழுத்தினால் நிறமெல்லாம் துணியில் இறங்கிவிடும். அம்மா எடுத்த அந்தப் பன்றி முகத்தை அவள் மீந்த துணியில் பதித்துக் குஷன் உறையாகத் தைத்தாள். முதலாளிக்குப் பிடித்துப்போய்த் தன் இணையக் கடையில் போட்டார். அங்கே ஏற்கெனவே இருந்த புலி உறை விற்றுப்போனது, வரிக்குதிரை போனது, ஒட்டகச்சிவிங்கி கேட்கவே வேண்டாம். பன்றியை மட்டும் பெங்களூரில் யாரோ ஒருத்தர் குழந்தையின் அறைக்கு வாங்கினார். கென்யாவில் சொர்ணலதாவின் கையால் சாப்பிட்டுக் கொழுத்த ஸ்ரீதேவி மேடமே, "நல்லாத்தான் இருக்கு லதா, ஆனா அதும்மேல எப்படிச் சாஞ்சு டிவி பார்க்கறது?" என்று கேட்டுவிட்டுச் சிங்கம் போட்ட கடிகாரம் வாங்கிப் போனார்.

சொர்ணலதா அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விற்பதற்காக அவள் எடுக்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. கல்யாணமாகி மைசூர் வந்த நாளிலிருந்து வாடகை வீடு. எந்த வீட்டிலும் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சாமி படத்தைக்கூட அலமாரியில் சாய்த்துத்தான் வைத்திருந்தாள். இப்போது ஊர் எல்லையில் ஹூட்டகள்ளி தாண்டிச் சொந்தமாக ஒரு சின்ன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அதன் ஹாலில், அவளே ஆணி அடித்து, அவள் எடுத்த படம் ஒன்றை மாட்ட வேண்டும். சொந்த வீடு என்றால் அவளுக்கு அதுதான்.

கணவர் கரியப்பன் தரைக்கு டைல்ஸ் போடுகிறவர். விஜயநகரில் பாதிப் பேர் அவர் போட்ட தரையில்தான் நடக்கிறார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ரொம்ப மிகை இல்லை. அதிகம் பேசமாட்டார். சுவர் எழும்பியதும் சொர்ணலதா அவரிடம் சொன்னாள்.

"ஏனுங்க, நம்ம ஊட்டுல நான் எடுத்த படம் ஒண்ணு மாட்டோணும்."

"உம்" என்றார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உம் சரி என்கிற உம்மா, அப்புறம் பார்க்கலாம் என்கிற உம்மா என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளாதது அவள் தப்பு. கேட்ட பாதியைத் தன் இஷ்டத்துக்குப் புரிந்துகொண்டது அவர் தப்பு.

ஒரு வாரம் கழித்து அவள் போய்ப் பார்த்தபோது வீட்டு முகப்பில், ரோட்டைப் பார்த்த மாதிரி, கிட்டத்தில் எடுத்த அந்தப் பன்றி முகம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பூசணிக்காய், இன்னொரு பக்கம் பழைய செருப்பு. கட்டுகிற வீட்டின்மேல் ஊர்க்கண் படாமலிருக்க நாக்கைத் தொங்கவிட்ட அரக்கன் முகம் ஒன்றைக் கட்டுவார்களே, அந்த இடத்தில்.

"என்னுங்க இது?"

"உன்ற படந்தான்" என்றார் கரியப்பன். முகமெல்லாம் பெருமை. "மாட்டோணும்னு சொன்னயில்ல? உள்ள மாட்டுனா வர்றவங்க மட்டுந்தான் பாப்பாங்க. இங்கன்னா ரோட்டுல போறவன் வாரவன் அத்தன பேரும் பாக்கறான். மழைக்கு நனையாத துணியில போட்டுக் குடுன்னு சௌம்யாகிட்டச் சொல்லி வாங்கியாந்தேன்."

சௌம்யாவைக் கேட்டால், "அப்பா கேட்டாங்க, போட்டுக் கொடுத்தேன். நனகேனு கொத்தம்மா?" என்று கன்னடத்தில் கையை விரித்தாள். அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கரியப்பனோடு வேலை செய்கிற கொத்தனார் ஜடையன் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். "அண்ணா, அந்த நாக்குப் பொம்மைய எல்லாம் பாத்துப் பாத்து இப்ப எவனுக்கும் பயமில்ல. இதப் பாத்தாத்தான் கண்ணு தானா அக்கட்ட திரும்புது" என்றார். தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு ஒன்று வாங்கினார். அவரைப் பார்த்து இன்னொருத்தர். குஷனில் சீந்துவாரில்லாமல் கிடந்த முகம், பாதி கட்டிய வீடுகளின் முகப்பில் அங்கங்கே தொங்க ஆரம்பித்தது. யூனிட் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "உங்கம்மாகிட்ட இதைவிடக் கோரமா வேற இருக்கா?" என்று சௌம்யாவிடம் கேட்டாராம். அதை வீட்டில் சொல்லக் கூடாது என்கிற புத்தி சௌம்யாவுக்கு இல்லை.

சொர்ணலதாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. வெயிலில் முட்டி தேயக் காத்திருந்து, அழகாக இருக்கிறதே என்று எடுத்த முகம் அது. அதை ஊரே பார்த்து அருவருக்கட்டும் என்று, அதுவும் கட்டிய புருஷனே, செருப்போடு சேர்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்.

"இத இறக்குங்க. ஹாலுல நான் சொல்ற எடத்துல ஒரு படம் மாட்டுங்க. இல்லீன்னா கிரகப்பிரவேசத்துக்கு நான் பால் காச்ச மாட்டேன். சொல்லிப்போட்டேன்."

"பன்னியவா? ஹாலுலயா?" கரியப்பன் பதறிப்போனார். "அண்ணன் வருவாரு புள்ள."

அண்ணன் என்றது ஹனூரில் இருக்கும் சித்தையனை. வருஷா வருஷம் மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுத்துவிட்டுக் குமுறுகிற விவசாயி. பன்றி என்ற வார்த்தையைக் கேட்டாலே துப்புகிறவர். தம்பி வீட்டு ஹாலில் அதன் படத்தைப் பார்த்தால் சாப்பிடாமல் பஸ் ஏறிவிடுவார் என்று கரியப்பன் பயந்தார். பயத்தில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் சொர்ணலதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது வீட்டு அடுப்பில் முதல் பாலை வீட்டுக்காரிதான் பொங்க வைக்க வேண்டும். அது அவள் கையில் இருந்த ஒரே பிடி. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

நாள் குறித்தாயிற்று. பத்திரிகை கொடுத்தாயிற்று. இருவருக்கும் பேச்சு மட்டும் இல்லை. தரை வேலையைக் கரியப்பன் வேறு யாரையும் தொடவிடாமல் தானே செய்துகொண்டிருந்தார். சொர்ணலதா மத்தியானம் டிபன் கேரியரைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வருவாள். கோபத்தில் உப்பைக் கூட்டிப் போடுகிற ரகமில்லை அவள். சாப்பாடு எப்போதும்போல் நன்றாகவே இருந்தது. அதுதான் கரியப்பனை அதிகம் வதைத்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. தாயும் குட்டியும் முட்டி போட்டு மேய்கிற படத்தைக் கேன்வாஸில் பெரிதாகப் போட்டுத் தரச்சொல்லிச் சௌம்யாவிடம் வாங்கி, ஒரு நாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே புது வீட்டுக்கு வந்துவிட்டாள். கூடவே ஆணியும் சுத்தியலும். கரியப்பன் ஹாலின் கடைசி மூலையில் வேலையாக இருந்தார். அவரைப் பார்க்காமலே ஆணியை அடித்தாள். வளைந்தது. இன்னொன்று அடித்தாள். அதுவும் வளைந்து, எகிறி, தரையில் விழுந்தது. துளை போடும் மெஷின் அவர் பக்கத்திலேயே இருந்தது. கேட்டால் எடுத்துக் கொடுத்திருப்பார். கேட்பாளா? படத்தைச் சுவரோரம் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சமையலறைக்குள் போய் வேலையில்லாத மேடையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஹாலில் ரப்பர் சுத்தியலின் தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. டைலை வைப்பது, தட்டுவது, நகர்வது, அடுத்ததை வைப்பது. தட்டல் கிட்டே கிட்டே வந்தது. பிறகு நின்றது.

"லதா."

அவள் மேடையைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இங்க வாயேன் புள்ள. இதுக்கு முட்டியில என்ன, காய்ப்பா?"

எட்டிப் பார்த்தாள். கரியப்பன் முட்டி போட்டபடியே படத்துக்கு நேரே நின்றிருந்தார். கையில் சிமெண்ட் பூசும் கரணை. படத்தில் மேய்கிற பன்றியின் முகமும் அவர் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. பன்றியின் மடங்கிய காலில், முட்டிமேல் மட்டும் மயிரில்லாமல் தடித்துக் கிடந்த தோலை விரலால் தொட்டுக் காட்டினார்.

"ஆமாங்க. அதுக்குக் கழுத்து குட்டை, கால் நெட்டை. நின்னு மேஞ்சா வாய் எட்டாது. நாளெல்லாம் முட்டி போட்டேதான் மேயும்."

"வலிக்காதா?"

"பொறக்கறப்பவே அந்தக் காய்ப்போடதான் பொறக்குமாம். குட்டிக்கும் இருக்குது, பாருங்க."

கரியப்பன் குட்டியின் முட்டியைப் பார்த்தார். பிறகு லுங்கியைச் சற்று விலக்கித் தன் முட்டிகளைப் பார்த்தார். கறுத்து, தடித்து, சிமெண்ட் ஏறி வெடித்திருந்தன.

"குடுத்து வெச்சதுக" என்றார். "எனக்கு இது வர்றதுக்குள்ள எத்தன நாள் அழுதிருக்கறேன்."

சொர்ணலதா துடைத்த துணியோடு ஹாலுக்கு வந்தாள். இந்த மனுஷன் அழுது அவள் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் இரவு முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது வலிக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்பார். இத்தனை வருஷம் அந்த 'இல்லை'யை நம்பியிருந்தாள்.

"எங்கிட்டச் சொல்லலீங்களே?"

"சொன்னா வேலைய உடச் சொல்லுவே. உட்டுப்போட்டு எங்க போறது?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வந்தது அழுகை. அதை மறைக்க அவள் முயலவில்லை. கரியப்பன் என்ன செய்வதென்று தெரியாமல் கரணையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே முகப்பிலிருந்த முகத்தை இறக்கிக் கடையில் வாங்கிய நாக்குப் பொம்மையைக் கட்டினார். ஹாலில் மெஷினால் துளை போட்டார். படத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்தில் நிற்கிற மாதிரி. "ஏனுங்க, இவ்வளவு கீழயா?" என்று அவள் கேட்டதற்கு, "மேல மாட்டுனா முட்டி தெரியாது" என்றார். ஆணியை அவளே தட்டி உள்ளே ஏற்றிப் படத்தை மாட்டினாள்.

கிரகப்பிரவேசத்தன்று வெளிச்சம் வருவதற்கு முன்பே ஜனம் சேர்ந்துவிட்டது. ஹனூர் வேன் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டதும் கரியப்பன் ஒரு காரியம் செய்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து, படத்துக்கு முன்னால் போட்டு, ஒன்றின்மேல் ஜமுக்காளத்தை மடித்துத் தொங்கவிட்டார். படம் இருக்கும் இடமே தெரியவில்லை. சித்தையன் வந்தார், பெரியவருக்குரிய மரியாதையோடு இன்னொரு நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார், முதுகைப் படத்துக்குக் காட்டியபடி.

சமையலறையிலிருந்து சொர்ணலதா எல்லாவற்றையும் பார்த்தாள். அடுப்பின்மேல் மஞ்சள் கட்டிய பால் பாத்திரம். கையில் தீப்பெட்டி. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து பேசியதெல்லாம் அவர்கள் இருவருக்குள் மட்டும்தானா, அண்ணன் வந்ததும் அவள் படம் மறுபடி பன்றியாகிவிட்டதா என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. வருத்தமாக இருந்தது. குச்சியைக் கிழிக்கவில்லை.

"பத்த வையம்மா, நேரம் போகுது" என்றார் ஐயர். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌம்யா ஹாலுக்குப் போய் அப்பாவின் முன்னால் நின்றாள். கரியப்பன் மகளைப் பார்த்தார், சமையலறை வாசலைப் பார்த்தார், குனிந்து தான் போட்ட தரையைப் பார்த்தார்.

"அண்ணா, கொஞ்சம் எந்திரி."

சித்தையன் எழுந்தார். கரியப்பன் ஜமுக்காளத்தை எடுத்தார், நாற்காலிகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"என்னடா கரியா இது," என்றார் சித்தையன், "ஊட்டுக்குள்ள பன்னி?"

"பன்னி இல்லண்ணா. லதா எடுத்த படம். உக்காந்து பாரு, நின்னா தெரியாது."

சித்தையன் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் கையை ஊன்றி, மெதுவாகத் தரையில் முட்டி போட்டார்.

சொர்ணலதா தீக்குச்சியைக் கிழித்தாள்.